நான் அழித்த பெயர்

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. போன் மூன்று முறை மாறிவிட்டது, படம் மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது. திருவொற்றியூர் குப்பத்து மணலில் ஏற்றி வைத்த புது ஃபைபர் போட். அடியிலிருந்து விளிம்பு வரைக்கும் நீலம். முன்பக்கத்தில் மஞ்சள் பெயின்டில், முழங்கை உயர எழுத்தில், 'நகோமி'. பெயின்ட் சரியாகக் காயவில்லை. கடைசி எழுத்தின் சுழியிலிருந்து ஒரு சொட்டு வழிந்திருக்கிறது. பக்கத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் அண்ணி நிற்கிறாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி இருபது நாள். அவளுடைய போனை வாங்கிப் படத்தை எடுத்தவள் நான். 'பேரு முழுசா வியணும், அத்த மட்டும் பாத்துக்கோ' என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினான். பெயர் முழுசாகத்தான் விழுந்தது. இந்தப் படத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை ஏழு வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறேன். இதை எழுதும்போதுகூட, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தாளைத் திருப்பி வைக்கிறேன்.

எங்கள் குப்பத்தில் போட்டுக்குப் பெயர் வைப்பது சும்மா காரியம் இல்லை. சாமி பெயர் வைப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுப் பொம்பளை பெயர். கடலுக்குப் போகிறவன் யாரை நினைத்துக்கொண்டு திரும்பி வருவானோ அவள் பெயர். அதனால் கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் போட்டுகளைப் பார்த்தாலே எந்த வீட்டில் யார் செல்லம் என்று தெரிந்துவிடும். எங்கள் பழைய போட் அம்மாவின் பெயரில் இருந்தது. அப்பா அதில் போய்த்தான் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயசு. போட் மட்டும் எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. அதன் பிறகு அம்மா தன் பெயரையே யாரும் உரக்கச் சொல்ல விடமாட்டாள். ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட முகம் சுண்டிவிடும். எங்களை ஆளாக்கியது சித்தப்பா. அப்பாவின் தம்பி, கல்யாணம் கட்டாத மனுஷர், எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு எங்கள் வீட்டிலேயே படுத்தவர். நான் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து என்னைக் 'காலேஜு' என்றுதான் கூப்பிடுவார். 'இன்னா காலேஜு, மீனு ஆயத் தெர்தா, இல்ல அதுக்கும் பொஸ்தகம் பாக்கணுமா' என்று வம்புக்கு இழுக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

அண்ணி ராயபுரத்துக்காரி. அவளுடைய அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் டிரைவர். கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் அவளைப் பார்த்ததும் பழகியதும் மீன் ஏலம் விடும் இடத்தில்தான். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நின்றார்கள், பிறகு கட்டிவைத்தார்கள். வந்த முதல் வாரமே நான் கேட்டேன், உன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். 'இனிப்பானவன்னு அர்த்தம். எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி ரெண்டு கொயந்தை தங்கல. நான் பொறந்து அழுததும் ஆஸ்பத்திரியிலயே வெச்சுட்டாங்க' என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'வெங்காயம் உரிக்கச் சொல்ல சொல்ற பேரா இது' என்று சிரித்தாள். எங்கள் குப்பத்துக் கிழவிகள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. 'நாகம்மா போட்டு வந்துட்சா' என்பார்கள். அவள் திருத்தவே மாட்டாள்.

எபிரேய மொழியில் அது மிகப் பழைய பெயர் என்பதையெல்லாம் நான் பின்னால் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். 'நோஅம்' என்று ஒரு சொல். இனிமை, இதம், கண்ணுக்கும் மனசுக்கும் பிடித்திருப்பது. அதிலிருந்து வந்தது இந்தப் பெயர். நடுவில் நாம் 'க' போட்டு எழுதும் இடத்தில் அவர்கள் மொழியில் தொண்டையின் அடியிலிருந்து வரும் ஓர் ஒலி இருக்கிறதாம், நம்மிடம் அதற்கு எழுத்து இல்லையாம். இவ்வளவும் எனக்கு இன்றைக்குத் தெரியும். தெரிய வேண்டிய காலத்தில் தெரிந்தது அரைகுறை. அந்த அரைகுறைதான் எங்கள் வீட்டைக் கெடுத்தது.

ஏழாம் மாசம் வளையல் அடுக்கி, அண்ணியைப் பிரசவத்துக்கு ராயபுரம் அனுப்பினோம். அவளுடைய வேதப் புத்தகம் மட்டும் எங்கள் வீட்டுப் பரணில், துணிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனி மாசம், காலேஜ் லீவு, மின்விசிறி சூட்டைத்தான் வீசியது. சும்மா எடுத்துப் புரட்டியபோது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. ஆகா, அண்ணி பெயர் என்று குஷியாகப் படித்தேன். ஊரில் பஞ்சம் வந்து, புருஷனோடும் இரண்டு மகன்களோடும் வேறு தேசத்துக்குப் பிழைக்கப் போனவள் அந்தப் பெயர்க்காரி. அங்கே புருஷன் செத்துப்போகிறான். பிறகு இரண்டு மகன்களும் செத்துப்போகிறார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவளைப் பார்த்துப் பொம்பளைகள் அவள்தானா இவள் என்று கேட்கிறார்கள். என்னை இனிப்பானவள் என்று கூப்பிடாதீர்கள், மாரா என்று கூப்பிடுங்கள், கசப்பானவள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள் அவள். எனக்குப் புல்லரித்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு பக்கம்கூட இல்லை நான் படித்தது.

படித்ததை வைத்துக்கொண்டு கம்மென்று இருக்கிற பழக்கம் அந்த வயசில் எனக்குக் கிடையாது. அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். ஏதோ பெரிய படிப்பாளி மாதிரி, கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். புருஷன் செத்த இடத்தில் அம்மாவின் கை நின்றது. மகன்கள் செத்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்தாள்.

'வூட்டு ஆம்பளைங்க மொத்தமுமா?'

'ஆமாம்மா. மூணு பேரும்.'

'அந்தப் பேரையா உங்கண்ணன் போட்டுல எய்திக்கீறான்?'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அது கதைம்மா, மூவாயிரம் வருஷத்துக் கதை, பெயருக்கு அர்த்தம் இனிமைதான் என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் ஏறவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் போய் நான் சொல்லியிருந்த கதை அப்படி. அப்போது மூன்று வாரமாக மீன்பாடும் சரியில்லை, ஒரு வலை கிழிந்திருந்தது, அண்ணன் உள்ளங்கையில் கயிறு அறுத்துப் புண்ணாகியிருந்தது. அம்மா ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனிடம் சொன்னால் கத்துவான், சித்தப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் ஐஸ் வாங்கப் போயிருந்த நேரத்தில், அம்மா ஒரு டப்பா நீலப் பெயின்டும் ஒரு டப்பா வெள்ளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். 'நீ தான சொன்ன. நீயே அயிச்சிடு.'

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அம்மா பாவம் என்று ஒரு பக்கம். எனக்கே உள்ளுக்குள் கொஞ்சம் பயம் பிடித்திருந்தது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நீலம் அடித்து மறைத்தேன். மஞ்சள் மறையவே மாட்டேன் என்று பல்லைக் காட்டியது, மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது. கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அதன் மேல் வெள்ளையில், என் அழகான கையெழுத்தில், 'கங்கையம்மன் துணை' என்று எழுதினேன். குப்பத்தில் பாதி போட்டுகளில் அதுதான் எழுதியிருக்கும். பொழுது சாயும் நேரம், கரையில் ஆள் நடமாட்டம் குறைவு; பார்த்த ஒன்றிரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்து அண்ணி வருவதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். விடிவதற்கு முன்னால், இருட்டில், அண்ணனும் சித்தப்பாவும் போட்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகிறவனை எங்கே, எப்போது என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அம்மா கதவுக்குள்ளேயே நின்றிருந்தாள்.

மத்தியானம் வர வேண்டியவர்கள் சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. சில நாள் அப்படி ஆவதுண்டு. மறுநாள் காலையிலும் வராதபோது குப்பமே எழுந்துகொண்டது. ஆறு போட்டுகள் தேடப் போயின. அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார்கள். நீரோட்டம் வடக்கே இழுக்கிற பருவம். இஞ்சின் நின்றிருந்தால் பழவேற்காட்டையும் தாண்டி ஆந்திரா பக்கம் போயிருக்கும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் போட்டுகள் அவ்வளவு தூரம் போய்த் தேட முடியாது, அங்கே தொழில் செய்கிற விசைப்படகுக்காரர்கள் பார்த்தால்தான் உண்டு. அவர்களை அண்ணியின் அப்பாவுக்குத் தெரியும். நெல்லூர்ப் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேர் அவருக்குத் தோஸ்து.

பத்து மணிக்கு என் போனில் ஒரு படம் வந்தது. யார் யாரோ அனுப்பிக் கைமாறி வந்த படம். நீல போட்; மஞ்சளில் நகோமி; பக்கத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணி. கீழே தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது: இந்தப் பெயருள்ள போட்டையும் இரண்டு பேரையும் காணவில்லை, கண்டவர்கள் சொல்லுங்கள். அண்ணி தன் போனிலிருந்து அவளுடைய அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறாள். அவர் வயர்லெஸ்ஸிலும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். நகோமி, நகோமி என்று கடல் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரில் கடலில் போட்டே இல்லை.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. 'சொல்லாத' என்றாள். 'நெறமாசக்காரி. அவ பேர நம்ம அயிச்சோம்னு தெர்ஞ்சா அவளுக்கு எதுனா ஆய்டும். அவங்கப்பன் மூஞ்சில எப்டி முயிப்பேன். போட்டு நீலந்தான, நெறத்த வெச்சுக் கண்டுபுடிச்சிருவாங்க.' நானும் தலையாட்டினேன். அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். அவள் சொன்னதற்காக மட்டும் நான் வாயை மூடவில்லை. எழுதியது யார் என்று கேட்பார்கள், கதையைச் சொன்னது யார் என்று கேட்பார்கள் என்று பயந்து மூடினேன். என்னை மாதிரிக் கோழை அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை.

அந்த ஒரு நாளை எப்படிக் கழித்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. கற்களைக் கொட்டிக் கட்டிய தடுப்பு மேல் உட்கார்ந்திருந்தேன். வடக்கே எண்ணூர்ப் புகைக்கூண்டுகள், தெற்கே துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள், நடுவில் வெறும் தண்ணீர். போன் சிணுங்கும் ஒவ்வொரு தடவையும் அதே படம் இன்னொரு கையிலிருந்து வந்தது. நல்லது செய்கிறோம் என்று எல்லோரும் அனுப்பினார்கள். ஒரு தடவை அண்ணியின் எண்ணை எடுத்து விரலை வைத்தேன். மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம். இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள். விடிந்தால் வந்துவிடுவார்கள். இப்படியே ஒரு பகல் போயிற்று. வெயிலோ மண்டையைப் பிளந்தது. சித்தப்பாவுக்குச் சக்கரை வியாதி. மாத்திரையை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார், அது சாமி படத்துக்குக் கீழே கிடந்தது.

மறுநாள் காலை அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். பஸ்ஸில் உட்காரப் பிடிக்காமல் நின்றுகொண்டே ராயபுரம் போனேன். கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கிப் பாதித் தூரம் ஓடினேன். அண்ணி கட்டிலில் சுவரோடு சாய்ந்து, போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து எழப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்று, அழுதுகொண்டே, எல்லாவற்றையும் கொட்டினேன். கதை படித்ததை, அம்மாவிடம் சொன்னதை, பெயின்ட் அடித்ததை, புதுசாக எழுதியதை.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். 'படம் வந்துச்சே, பாத்தியா?'

'பாத்தேன்.'

'எப்ப?'

'நேத்து பத்து மணிக்கு.'

என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத முடியாது. போனை எடுத்து அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டாள். 'நைனா, பேரு மாத்திக்கீது. கங்கையம்மன் துணை, வெள்ளை எய்த்து. நீல போட்டு. எல்லாருக்கும் இப்பவே சொல்லு. ஆமா, எனக்கும் இப்பதான் தெரியும். அப்பால பேசிக்கலாம், மொதல்ல சொல்லு.' வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செய்தி வந்தது. நெல்லூருக்கு நேரே, வெகு தொலைவில், ஒரு விசைப்படகு அவர்களைப் பார்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. அண்ணன் உயிரோடு இருக்கிறான். சித்தப்பா அன்றைக்கு மத்தியானம் போய்விட்டார்.

சித்தப்பாவை எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் சொன்னான். இஞ்சின் முதல் நாளே நின்றுவிட்டது. தண்ணீர்க் கேன் இரண்டாம் நாள் காலையில் தீர்ந்தது. சித்தப்பா கடைசி வாய்த் தண்ணீரையும் இவனுக்கே விட்டுக்கொடுத்தார், எனக்குச் சக்கரை, தண்ணி ஆகாது என்று கூசாமல் பொய் சொல்லி. இரண்டாம் நாள் பொழுது சாய ஒரு விசைப்படகு அவர்களைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது. கத்தினாலும் கேட்காத தூரத்திலேயே நின்று ஒருவன் முன்பக்கத்தை எட்டிப் பார்த்திருக்கிறான். இவர்கள் சட்டையைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். அவனும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். வழியில் பார்க்கிற போட்டுக்காரர்கள் அப்படிக் கை ஆட்டுவது வழக்கம். தேடுகிற போட் இது இல்லை என்று நினைத்துக்கொண்டான். 'நெல்லூரானத் திட்டிப் பிரயோசனம் இல்ல. அவன் பேரப் பாத்தான், வேற பேரு இருந்துச்சு, பூட்டான்' என்று அண்ணன் சொன்னான். பெயரை ஏன் அழித்தோம் என்பதை அம்மா ஏற்கெனவே அவனிடம் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பி, 'அம்மா பயத்துல அயிச்சிருக்கு. நீங்க இன்னா பண்ணுவீங்க, அந்த பேஜார்ல பேரு மாத்துனது யாருக்கு நெனப்புல இருக்கும்' என்றான்.

யாருக்கும் நினைப்பில் இல்லை என்று அவன் அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். எங்களை மன்னித்தும் விட்டான். பத்து மணிக்கே தெரியும் என்பது அம்மாவுக்கும் எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்த விசைப்படகு திரும்பிப் போனது சாயங்காலம். நடுவில் ஒரு முழுப் பகல் என் கையில் இருந்தது. அன்றைக்கு அண்ணி அண்ணனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கப் போகிறாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவன் உள்ளங்கைப் புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே இருந்தாள்.

அம்மா அதன் பிறகு பாதி ஆளாகிவிட்டாள். காரியம் முடிந்த அன்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, 'அந்தக் கசப்புப் பேரு உனுக்கு இல்ல, எனுக்குத்தான் பொருத்தம்' என்று தேம்பினாள். 'அத்த வாயில கூட எடுக்காதீங்க அத்தே' என்றாள் அண்ணி. அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேதப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். 'அந்தம்மா என்னைக் கசப்புன்னு கூப்புடுங்கன்னு சொல்லிச்சே, அத்தோட மூடி வெச்சுட்ட இல்ல? மீதியப் படி. ஒருத்தராவது அப்டிக் கூப்ட்டாங்களான்னு பாத்துச் சொல்லு.' படித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அவ்வளவு சின்னக் கதை. ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஊர்ப் பெண்களும் கூப்பிடவில்லை, உறவுக்காரனும் கூப்பிடவில்லை, அவளோடு கூட வந்த மருமகள் கூப்பிடவே இல்லை, கதையை எழுதியவரும் கடைசி வரைக்கும் இனிமை என்ற பெயரைத்தான் எழுதுகிறார். முடிவில் ஒரு குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள, பெயரை அழிப்பதற்கு முன்னால் இன்னும் அரை மணி நேரம் படித்திருந்தால் போதும்.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். நீ அண்ணனிடம் சொல்லப் போகிறாயா என்றும் கேட்டேன். 'நான் சொல்ல மாட்டேன்' என்றாள். 'நீ சொல்ல வேண்டிய வெசயம் அது. உங்கம்மா இருக்கிற வரிக்கும் வேணும்னா சொல்ல வாணாம்.' அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. மூன்று வாரம் கழித்துப் பையன் பிறந்தான்; சித்தப்பாவின் பெயரை வைத்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சண்டை போட்ட நாளில்கூட, நான் அவளை வாய்க்கு வந்தபடி பேசிய நாளில்கூட, அவள் அதைத் தூக்கி என் மேல் போட்டதில்லை. ஆனால் அண்ணன் அந்தக் கதையை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் போதும், என் கண் தன்னால் அவள் முகத்துக்குப் போய்விடும். கல்யாண வீட்டில், கறிச் சோற்றுப் பந்தியில், பையனின் பிறந்தநாளில், எங்கே சொன்னாலும் நெல்லூரான் கை ஆட்டிய இடம் வரும். எனக்குச் சோறு இறங்காது. ஏழு வருஷமாக இறங்கவில்லை.

இப்போது நான் வேறு வீட்டில் இருந்துகொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கண்டெய்னர் எண்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். ஓர் எண்ணை மூன்று முறை சரிபார்ப்பேன். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். போன தை மாசம் அம்மா இறந்துபோனாள். பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போன பிறகு, அண்ணி பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா இருக்கும் வரைக்கும் என்று அவள் கொடுத்த தவணை முடிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகும் ஐந்து மாசம் இழுத்தடித்தேன். நேருக்கு நேர் சொல்ல வாய் வராது என்று தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி அடுப்படியில் இருந்தாள். முதலில் நீ படி, வேண்டாம் என்றால் கிழித்துப்போட்டு விடுகிறேன் என்று நீட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, முறத்தின் மேல் வைத்து, ஒரு தாள் விடாமல் படித்தாள். நான் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

'அண்ணன் கிட்ட குடுத்துடவா?' என்றேன்.

'அவுருக்கு இவ்ளோ எய்த்து படிக்க ஓடாது. நீயே படிச்சுக் காட்டு. நான் கூட உக்காந்துக்கறேன்.'

வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள். 'ஏங்க, வலைய அப்டியே போட்டுட்டு வாங்க. உங்க தங்கச்சி ஒரு வெசயம் சொல்லணுமாம்.'

'இன்னா வெசயம்?' என்று சிரித்துக்கொண்டே வந்தான் அண்ணன். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அண்ணி என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நான் முதல் தாளை எடுத்தேன்.